தாலுகா நீதிமன்றம் வரை அரசு செலவில் எதிரி தரப்பு வழக்கறிஞர் வேண்டும்: கொங்கு மாவட்டங்களுக்கான கோரிக்கை மனு

அனுப்புநர்:
கோபி, சத்தியமங்கலம், பவானி குற்றவியல் நீதிமன்றங்களில் ஆஜராகும் வழக்கறிஞர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சட்டத் துறை, தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: ஏழைகளுக்காக ஆஜராகும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர்களுக்கு மாநில அரசின் நிதி, பயிற்சி, பணியாளர் உதவி வழங்கவும், இவ்வேற்பாட்டைத் தாலுகா நீதிமன்றங்களுக்கு விரிவுபடுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்தில் அலுவலகம் வைத்து, கோபி, சத்தியமங்கலம், பவானி ஊர்களின் குற்றவியல் நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, வழக்கு நடத்தி வருகிறேன். வட்ட சட்டப்பணிகள் குழுவின் பட்டியல் வழக்கறிஞராகவும் (சட்ட உதவி வழக்குகளுக்காகக் குழு வைத்திருக்கும் பட்டியலில் உள்ளவர்) இருந்திருக்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் அமர்த்தும் ஏற்பாடு மாவட்டத் தலைமையிடங்களில் இப்போதுதான் வேர் பிடித்து வருகிறது. அது தாலுகா நீதிமன்றங்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் வந்து சேர மாநில அரசு தன் பங்கைத் தர வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான் கேட்கிறேன். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் வழியாக அரசமைப்புச் சட்டத்தில் 39அ உறுப்பு சேர்க்கப்பட்டு, இலவச சட்ட உதவி அரசின் கடமைகளில் ஒன்றானது. ஹுசைனாரா கத்தூன் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் அதை 21ஆவது உறுப்பின் வாழ்வுரிமையோடு இணைத்தது. 1980 இறுதியில் பீகாரின் பாகல்பூர் கைதிகள் வழக்கில், இந்த உரிமை விசாரணை தொடங்கும்போது அல்ல, கைதானவர் முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தப்படும் நேரத்திலேயே தொடங்குகிறது என்றும், பணமில்லை, ஆளில்லை என்று சொல்லி ஓர் அரசு இக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் தெளிவாக்கியது. அந்தத் தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி காவலில் இருப்பவர் எவரானாலும், அவருடைய வருமானத்தைக் கேட்காமலே, இலவச வழக்கறிஞருக்கு உரியவர்.

நடைமுறை எப்படி இருக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதால், விடுமுறை நாட்களிலும் மாலை வேளைகளிலும் ரிமாண்டு (கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவிடுவது) பெரும்பாலும் நடுவரின் குடியிருப்பிலேயே நடக்கிறது. வாசலில் போலீஸ் வேன் நிற்கும். காவலர் கையில் ரிமாண்டு அறிக்கையும் மருத்துவச் சான்றும் இருக்கும். கூட வந்த மனைவியோ தாயோ மதில் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார். நடுவர் இரண்டு மூன்று கேள்விகள் கேட்பார், குற்றம் சாட்டப்பட்டவர் தலையாட்டுவார், 15 நாள் காவலுக்கு உத்தரவாகிவிடும். கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுத்தார்களா, உடலில் காயம் இருக்கிறதா, இந்தப் பிரிவுக்குக் கைதே தேவைதானா என்று கேட்க வேண்டிய வழக்கறிஞர் அந்த இடத்தில் இருப்பதில்லை. ரிமாண்டு வழக்கறிஞர் என்று ஒருவர் பட்டியலில் இருப்பார். ஆனால் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அவரைக் கூப்பிடுவது யார், அவர் வந்து போகும் செலவைக் கொடுப்பது யார் என்பதற்கு விடை கிடையாது. அடித்தார்களா என்ற கேள்விக்கு, அடித்தவர் பக்கத்தில் நிற்கும்போது ஒருவர் என்ன பதில் சொல்வார் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெருந்துறை, திருப்பூர்ப் பக்கம் வந்தால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். செல்போன் திருட்டு வழக்கில் சிக்கிய ஒடிசா இளைஞர் ஒருவருக்காக நான் ஆஜரானேன். ஜாமீன் உத்தரவு சீக்கிரமாகவே கிடைத்தது. ஆனால் உள்ளூரில் சொத்து வரி ரசீது காட்டக்கூடிய இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் என்ற நிபந்தனையால் அவர் அதற்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் கோவை மத்திய சிறையிலேயே இருந்தார். அழைத்து வந்த காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. விடுதி அறையில் அவர் படுத்திருந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்தும் நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அதைத் தவிர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியிலேயே வழிகாட்டியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரின் விவரத்தைச் சிறை அதிகாரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த திட்டம் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை கட்டவும் வழி செய்தது. இத்தனை இருந்தும், நிபந்தனையைத் தளர்த்தவும், ஜாமீன்தாரருக்குப் பதிலாகப் பணம் கட்ட அனுமதிக்கவும் மனுப்போட ஒருவர் மாற்றி ஒருவர் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2025இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒடியாவும் இந்தியும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எங்கள் தரப்பு ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது.

மலைப்பகுதியின் நிலைமை இதைவிடக் கடினம். தாளவாடியிலிருந்து மாவட்டத் தலைமையிடமான ஈரோட்டுக்கு வர, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, சத்தியமங்கலத்தில் பஸ் மாறி, நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். வழக்கோ பெரும்பாலும் வனத்துறை போட்டதாக இருக்கும். 2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு, காட்டுக்குள் எங்கே நடக்கலாம், எதை எடுக்கலாம் என்பதே சோளகர், ஊராளி மக்களுக்கு ஒவ்வொரு நாளும் எழும் கேள்வியாகிவிட்டது. வன உரிமைச் சட்டம் 2006இல் என்ன இருக்கிறது, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 எந்த இடத்தில் அதோடு மோதுகிறது என்பதைத் தெரிந்த, கன்னடம் கலந்த அவர்களுடைய பேச்சைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு வழக்கறிஞர் சத்தியமங்கலத்திலேயே இருந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஈரோட்டுக்கு ஓட வேண்டிய தேவை அந்தக் குடும்பங்களுக்கு இராது.

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022இல் திருத்தி வெளியிட்ட திட்டத்தின்படி, தலைமை, துணைத் தலைமை, உதவி வழக்கறிஞர் என்ற அடுக்குகளில் முழுநேர சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுகிறார்கள். அவர்கள் தனிப்பட்ட வழக்குகளை எடுக்கக் கூடாது. இது நல்ல திட்டம். பட்டியல் வழக்கறிஞர் முறையின் குறைகளை உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் மனமாரச் சொல்கிறேன். அந்த முறையில் வழக்கு முடிந்து, பில் போட்டு, பணம் கைக்கு வரும்போது சாட்சிகளின் பெயர் கூட மறந்துபோயிருக்கும். ஆனால் இத்திட்டம் மாவட்டத் தலைமையிடத்தை மையமாகக் கொண்டது. செலவும் தேசிய ஆணைக்குழுவின் நிதியையே நம்பியிருக்கிறது. எதிர்ப்பக்கமான அரசுத் தரப்பைப் பாருங்கள். உதவி அரசு வழக்கறிஞரைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைத்து எடுக்கிறது. அவருக்கு மாதச் சம்பளம், அலுவலகம், துறை இயக்ககம் எல்லாம் உண்டு. அவருக்காகப் புலன் விசாரணை செய்யக் காவல்துறையும், அறிக்கை தர கோவையிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகமும் இருக்கின்றன. எதிரி தரப்பில் சம்பவ இடத்துக்குப் போய்ப் பார்த்துவர ஒரு ஆள் கிடையாது. சொந்த மோட்டார் சைக்கிளில் நாமே போனால்தான் உண்டு.

குற்றவாளிகளுக்காக மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுவதா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் அனோகிலால் வழக்கு பதில் சொல்லும். ஒரு சிறுமியின் கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட அனோகிலாலுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அதே நாளில் குற்றச்சாட்டு வனையப்பட்டு, இரண்டு வாரங்களுக்குள் 2013இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கைப் படித்துப் பார்க்கவே வழக்கறிஞருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2019இல் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவம் உள்ளவரை நியமிக்க வேண்டும், தயாராவதற்குப் பொதுவாக ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்றும் அப்போதுதான் கூறியது. மறுவிசாரணையில் 2024இல் அவர் விடுதலையானார். பதினொரு ஆண்டுகள் சிறையில் ஒருவர். அத்தனை ஆண்டுகளும் அந்தக் குழந்தையின் குடும்பத்துக்கும் நீதி கிடைக்கவில்லை.

பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன். 2024 ஜூலை 1 முதல் புதிய மூன்று குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும்; சிசிடிவி பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் போன்றவற்றைச் சாட்சியமாக ஏற்க, ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) கூடிய சான்று வேண்டும். காவல்துறைக்கு இவற்றில் அரசு செலவில் பயிற்சி கிடைக்கிறது. எதிரி தரப்பு வழக்கறிஞர் தன் சீனியரிடம் கேட்டும், யூடியூபில் பார்த்தும் கற்றுக்கொள்கிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கையை வரிக்கு வரி படிப்பது, காயச் சான்றுக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் உள்ள முரணைப் பிடிப்பது, குழந்தைச் சாட்சியைப் புண்படுத்தாமல் குறுக்கு விசாரணை செய்வது ஆகியவற்றைத் தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிற்சியகத்தின் கோவை மண்டல மையத்திலேயே கற்றுக்கொடுக்கலாம். கட்டடம் கட்ட வேண்டியதில்லை, செலவு பெரும்பாலும் பயிற்றுநர் மதிப்பூதியமும் தங்குமிடமும்தான். பணியில் சேர்ந்ததும் ஒரு முழுமையான பயிற்சியும், பிறகு ஆண்டுதோறும் புத்தாக்கப் பயிற்சியும் நடத்தி, அரசு மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவப் பேராசிரியர்களையும் அதில் பாடம் எடுக்கச் செய்ய வேண்டும். கோவை அரசு சட்டக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களை இவ்வழக்கறிஞர்களோடு சிறைப் பார்வைக்கும் வழக்கு ஆய்வுக்கும் அனுப்பினால் இரு தரப்பும் பயன் பெறும்.

நிதி தரும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். ஆட்சி மாறும்போதெல்லாம் அரசு வழக்கறிஞர்களும் மாறுவது நம் மாநிலத்தில் பழகிப்போன ஒன்று. அந்தப் பழக்கம் இப்பக்கம் வந்துவிடக் கூடாது. ஆகவே தொகையை எந்தத் துறையின் கையிலும் வைக்காமல், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவின் கீழுள்ள மாநில சட்ட உதவி நிதியத்துக்கே ஆண்டுதோறும் தனிக் கணக்குத் தலைப்பில் அளித்து, தேர்வையும் மதிப்பீட்டையும் தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமே விட்டுவிட வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 341ஆவது பிரிவு, வழக்கறிஞர் இல்லாத, அமர்த்த வசதியும் இல்லாத குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசு செலவில் ஒருவரை அமர்த்தச் சொல்வதோடு, அமர்வு நீதிமன்றம் அல்லாத பிற நீதிமன்ற விசாரணைகளுக்கும் அதைப் பொருந்தச் செய்யும் அறிவிக்கையை வெளியிட மாநில அரசுக்கே அதிகாரம் தருகிறது. அவ்வதிகாரத்தைக் கொண்டு நடுவர் நீதிமன்ற விசாரணைகள் அனைத்தும் இப்பாதுகாப்பைப் பெறச் செய்ய வேண்டும். முழு மாநிலத்துக்கும் ஒரே ஆண்டில் ஆள் போடுவது இயலாது என்பதை அறிவேன். முதற்கட்டமாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் சத்தியமங்கலம், பவானி, பெருந்துறை, பல்லடம், அவிநாசி, மேட்டுப்பாளையம் போன்ற ஊர்களின் நீதிமன்றங்களுக்குத் தலா ஒரு முழுநேர வழக்கறிஞரும், சம்பவ இடத்துக்குப் போய் விசாரித்துவர மாவட்டத்துக்கு ஒரு புலனறி உதவியாளரும், அழைத்தவுடன் வரக்கூடிய மொழிபெயர்ப்பாளர் பட்டியலும், இரவு ரிமாண்டுக்குச் சென்றுவரும் செலவுக்கான தொகையும் ஒதுக்கி, ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். எத்தனை பேருக்கு ரிமாண்டின்போதே வழக்கறிஞர் ஆஜரானார், எத்தனை பேர் ஜாமீன் கிடைத்த ஏழு நாளுக்குள் வெளியே வந்தார்கள் என்ற இரண்டு கணக்குகளை மட்டும் மாதந்தோறும் ஆணைக்குழு வெளியிட்டாலே, திட்டம் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

வரும் நிதிநிலை அறிக்கைக்கான துறைக் கோரிக்கைகள் தயாராகும் முன்பே இம்மனுவைப் பரிசீலித்து, எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து வழியாகத் தெரிவிக்கும்படி வேண்டுகிறேன். தாங்கள் அழைத்தால், நான் நடத்திய வழக்குகளின் குறிப்புகளுடன், கட்சிக்காரர்களின் அடையாளங்களை நீக்கி, நேரில் வந்து விளக்கத் தயாராக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
வழக்கறிஞர்

இடம்: கோபிசெட்டிபாளையம்

நகல்:
உறுப்பினர் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு, சென்னை.
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள், உள்துறை, சென்னை.
மாவட்ட ஆட்சியர் அவர்கள், ஈரோடு.