வீக்கெண்ட் ஆஃப்ரோடு வண்டிக்கு எந்த டயர்?

ஆசிரியர் சார், வணக்கம். மாசத்துல ஒண்ணு ரெண்டு நாள் மண்ரோட்டுல ஓட்டுறவங்க பலரும் லுக்குக்காக மட் டெரெய்ன் டயர், அதாவது சேத்துல ஓட்டுறதுக்குன்னே வர்ற டயர், மாட்டிடுறாங்க, மத்த நாளெல்லாம் அதே வண்டி தார் ரோட்டுலதானே ஓடுது. அந்த டயர் மேல இருக்குற பெரிய பெரிய ரப்பர் கட்டைங்களுக்கு நடுவுல இடைவெளி ஜாஸ்தி, சேத்துல நல்லா பிடிக்கும், ஆனா ஈரமான தார் ரோட்டுல பிரேக் போட்டா வண்டி நிக்க கூடுதல் தூரம் எடுக்கும், சத்தமும் அதிகம், மைலேஜும் குறையும். என்னைக் கேட்டா முக்கால்வாசி பேருக்கு, தார் ரோடு மண்ரோடு ரெண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயரே தாராளம்.

கல்லு நிறைஞ்ச பாதைன்னா டிரெட்ட (தரையில படுற பகுதி) விட சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) உறுதிதான் முக்கியம், கிழியுறது பெரும்பாலும் அங்கதான். லோட் இண்டெக்ஸ், அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும்னு காட்டுற நம்பர், வண்டி கம்பெனி சொன்னதுக்குக் கீழ போகவே கூடாதுங்க. சைடுவால்ல தயாரிப்புத் தேதியக் காட்டுற நாலு இலக்க நம்பரையும் பாருங்க, 2324ன்னா 2024ல 23வது வாரம் தயாரிச்சது. ஃபோர் வீல் டிரைவ்ல நாலு டயரும் ஒரே சைஸ், தேய்மானமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், இல்லன்னா முன், பின் சக்கரங்களுக்கு இன்ஜின் சக்தியப் பிரிச்சுக் கொடுக்குற டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும், ஸ்டெப்னியையும் அதே சைஸ்லயே வாங்குங்க.

மணல்ல காத்தக் குறைச்சு ஓட்டுறவங்க தயவுசெஞ்சு தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப அடிச்சுக்குங்க, காத்து கம்மியா வேகமா போனா டயர் சூடாகி வெடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்