எழுந்திருக்கும்போது பார், பாப்பா

அன்பு பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. "புது பேஷண்டுக்குப் பத்து நிமிஷம்தாம்மா. ஸ்கேன்ல எல்லாம் இருக்கே, கரண்ட் வெச்சு அனுப்புனு சொல்றாங்க" என்றாய். நீ பிசியோதெரபிஸ்டாக வேலையில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, சீனியர்களிடம் மல்லுக்கு நிற்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன பார்க்கலாம் என்று சொல்வேன். இதே வேலையில் இருபத்தெட்டு வருஷம் இடுப்பு வலிக்காரர்களைப் பார்த்தவள் நான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை ஆயாவை விட்டுக் கூப்பிடாதே, நீயே போ. எழுந்திருக்கும்போது பார். தொடையில் கையை ஊன்றி ஏறுகிறாரா, மூச்சைப் பிடிக்கிறாரா, முதல் நாலு எட்டு வளைந்தே நடந்து அப்புறம் நிமிர்கிறாரா, செருப்பைக் குனிந்து கழற்றுகிறாரா, காலாலேயே உதறுகிறாரா? நீ சோதிப்பதாக அவருக்குத் தெரியாத நேரத்தில் உடம்பு ஒளிக்காமல் பேசும்.

அடுத்தது, "இடுப்பு வலி" என்றால் எங்கே என்று கையால் காட்டச் சொல். நம் பாஷையில் கீழ் முதுகும் இடுப்புதான், தொடை சேரும் மூட்டும் இடுப்புதான். ஒருவர் உள்ளங்கையை முதுகின் குறுக்கே வைப்பார், இன்னொருவர் கவட்டையைத் தொடுவார். இரண்டும் வேறு வேறு வலி. அவர்கள் சொல்லும் வார்த்தையையும் அப்படியே எழுதிக்கொள். சுளீர் என்று காலில் இறங்குது, எரியுது, மதமதப்பா இருக்கு என்றால் நரம்பை நினை. குடைச்சல், பிடிப்பு என்பவருக்கு அது இல்லாமலும் இருக்கலாம்.

வேலை பழகிய புதிதில் நான் தவறவிட்ட ஒரு அம்மாவை இன்னும் மறக்கவில்லை. நடவு வேலைக்குப் போகிறவர். குனியச் சொன்னேன், உள்ளங்கை தரையில் பட்டது. வலி இல்லை என்றார். "குனிதல் சரி" என்று எழுதிவிட்டேன். மூன்று வாரம் கழித்தும் அதே வலியோடு வந்தார். அப்போதுதான், வயலில் எப்படிக் குனிவீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேட்டேன். சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தபடியே பின்னால் பின்னால் நகர்ந்தார். சில நிமிஷம் அப்படியே விட்டேன். நிமிரும்போது பாதியில் ஒரு வெட்டு வெட்டியது. இரண்டு கையும் முட்டிக்குப் போயின, தொடையைப் பிடித்துப் பிடித்து ஏறினார். வலி குனிவதில் இல்லை, திரும்பி வரும் வழியில் இருந்தது. ஒரு தடவை குனியச் சொன்ன எனக்கு அது எப்படித் தெரியும்?

அதனால் எந்த வேலை வலிக்கிறதோ அந்த வேலையையே செய்யச் சொல்லிப் பார். சித்தாளா, தலையில் சுமை ஏற்றுவதைக் காட்டட்டும். முதுகு வலி அன்றாட வேலையை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க நாம் பயன்படுத்தும் ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாள் இங்கிலாந்தில் பிறந்தது, அது நாற்காலியில் உட்காருவதைக் கேட்கும். சம்மணம் போட்டுச் சாப்பிடுவதையும், குத்துக்காலிட்டுப் பாத்திரம் தேய்ப்பதையும் நீதான் கேட்க வேண்டும்.

விரல் தரையில் படுவதை மட்டும் நம்பாதே. தொடை மூட்டு மடிந்தாலே விரல் தரைக்கு வந்துவிடும், முதுகு கட்டையாகவே இருக்கலாம். முதுகு வளைகிறதா என்று தனியாக அள. கீழ் முதுகின் இரண்டு பக்கமும் தெரியும் குழிகளின் மட்டத்தில் ஒரு கோடு போடு, அதற்கு மேலே 10, கீழே 5 சென்டிமீட்டரில் புள்ளி வை. குனியும்போது அந்த 15 சென்டிமீட்டர் 20 ஆவது ஆகவேண்டும். விடிகாலையில் விறைப்பு, நடக்க நடக்க இளகுது என்று சொல்லும் இளவயதுப் பையனுக்கு அது நீளவில்லை என்றால், டாக்டரிடம் நீயே எடுத்துச் சொல்.

பிசியோதெரபிஸ்ட் மெக்கென்சியின் கதை பாடத்தில் படித்திருப்பாய். 1956, நியூசிலாந்தின் வெலிங்டன். கால் வலிக்காரர் ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தார். மெக்கென்சி வந்து பார்த்தால், வாரக்கணக்காக இருந்த கால் வலி போயிருந்தது. பதறி எழுப்பிவிட்டதோடு அவர் நிற்கவில்லை, மறுநாளும் அப்படியே படுக்க வைத்துப் பார்த்தார். ஒரே அசைவைப் பத்துத் தடவை செய்யச் சொல்லி வலி எந்தப் பக்கம் நகருகிறது என்று நாம் பார்ப்பது அங்கிருந்து வந்ததுதான். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும், பிறகு இடுப்புக்கும் ஏறினால் நல்ல குறி. ஆனால் நம் ஜனங்கள் "கால்ல இருந்தது இடுப்புக்கு ஏறிடுச்சு" என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வை.

"ஜவ்வு விலகிடுச்சு" என்ற சொல்லே பலரை முடக்கிப்போடுகிறது. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. நரை மாதிரிதான் அது. ரிப்போர்ட்டைக் கையில் பிடித்து நடுங்குகிறவரிடம் இதைச் சொல், பிறகு குனியச் சொல். குனிதலே மாறும்.

ஒன்றை மட்டும் நேரம் இல்லை என்று விட்டுவிடாதே. சிறுநீர் வருவது தெரிகிறதா, உட்காருமிடம் மரத்திருக்கிறதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா. பெண்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், திரையை இழுத்துவிட்டு மெதுவாகக் கேள். குதிகாலில் நாலு எட்டு, நுனிக்காலில் நாலு எட்டு நடக்க வை. பாதம் தொங்கினாலோ, சிறுநீர் தடைபட்டாலோ கரண்டும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அந்த நிமிஷமே டாக்டர்.

பார்சலில் முறுக்கோடு என் பழைய இஞ்ச் டேப்பையும் வைத்திருக்கிறேன். 15-இலும் 20-இலும் நான் போட்ட சிவப்பு மைக் கோடு இன்னும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, இந்த வாரம் வந்தவர்களில் ஒருவர் பெஞ்சிலிருந்து எப்படி எழுந்தார் என்று எனக்குச் சொல்.

அம்மா