உளுந்து வேர் ஏன் நின்றது?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். மொய் நோட்டைப் பற்றி நீ எழுதியிருந்ததை அவருக்கும் படித்துக் காட்டினேன், சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். இங்கே என் முழங்கால் வலியைத் தவிரப் புதிதாக ஒன்றுமில்லை.

போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, அறுப்பு மெஷினின் பெல்ட் ஏறித் திரும்பிய இடத்தில் மட்டும் உளுந்து ஏன் குட்டையாக நிற்கிறது, கீழே ஈரம் இருந்தும் வேர் ஏன் இறங்கவில்லை என்று. அதனால்தான் இந்தக் கடிதம் நீளப் போகிறது. ரிட்டயர் ஆன பாட்டனி டீச்சரிடம் கேட்டுவிட்டாய், அனுபவி.

நாம் படித்த காலத்தில் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள்: மண் இறுகிவிட்டது, வேருக்குத் தள்ளும் பலம் போதவில்லை. 2021-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பிபின் பாண்டே, மால்கம் பென்னட் குழுவும் ஷாங்காய்க்காரர்களும் சேர்ந்து செய்தது. வேரை நிறுத்துவது எத்திலீன் என்கிறார்கள்.

எத்திலீன் உனக்குப் புதிதில்லை. வாழைத்தாரை மூட்டம் போட்டால் பழுக்க வைப்பது புகையில் இருக்கும் அந்த வாயுதான். செடியும் தானாகவே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும், வேர் நுனியும்கூட. பொலபொலவென்ற மண்ணில் அது இடுக்குகள் வழியாகக் கலைந்துபோகும். மண் இறுகினால் இடுக்குகள் நசுங்குகின்றன, மிச்ச இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது, வாயு வேரைச் சுற்றியே தேங்குகிறது. தேங்கத் தேங்க வேர் நீள்வதை நிறுத்திவிட்டுத் தடிக்க ஆரம்பிக்கும்.

இதை அவர்கள் சோதித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. எத்திலீனை உணரும் மரபணு பழுதான நெல்லை, கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம் அடர்த்திக்கு இறுக்கிய மண்ணில் வளர்த்தார்கள். பலக்குறைவுதான் காரணமென்றால் அதுவும் நின்றிருக்க வேண்டுமல்லவா? அது பாட்டுக்கு இறங்கிப் போனது. மண்ணைக் கிளறாமலே சிடி ஸ்கேனில் வேரைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேன் இருக்கும் கூடத்துக்கு, சிடியைக் கண்டுபிடித்து 1979-இல் நோபல் வாங்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். அவரும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான்.

பட்டாணி நாற்று எத்திலீனில் குட்டையாகித் தடித்துச் சாயும் என்று நெல்யூபோவ் என்ற ரஷ்யர் 1901-இலேயே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் காலத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் அதற்குக் காரணம். அந்தப் பாடம் நமக்கும் இருந்தது. ஆனால் வயலில் இறுகிய மண்ணையும் அதையும் முடிச்சுப் போட இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

வேர் தடிப்பது எப்படி என்பதும் இப்போது கொஞ்சம் தெரிகிறது. எத்திலீனும் செடியின் ஒரு ஹார்மோன்தான்; தேங்கிய பிறகு அது ஆக்சின், அப்சிசிக் அமிலம் என்ற வேறு இரண்டு ஹார்மோன்கள் வழியாக வேலை செய்கிறது. வெளித்தோலுக்கு உள்ளே இருக்கும் புறணி என்ற அடுக்கின் செல்களில் செல்லுலோஸ் தயாரிப்பு குறைகிறது, சுவர் மெலிந்து செல் பக்கவாட்டில் உப்புகிறது. வெளித்தோல் செல்களின் சுவரோ தடிக்கிறது.

சரி, அப்படியானால் எத்திலீனை உணராத ரகத்தை உருவாக்கி எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நான் தயங்குகிறேன். நீ போடுகிற சி.ஆர். 1009 சப்-1 நெல்லையே எடுத்துக்கொள், வெள்ளத்தைத் தாங்கும் ரகம். தண்ணீரில் வாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. வெள்ளத்தில் மூழ்கிய பயிரிலிருந்து எத்திலீன் வெளியே போக முடியாது. தான் மூழ்கிவிட்டோம் என்று நெல்லுக்குத் தெரிவதே அப்படித்தான். சாதாரண நெல் உடனே நீண்டு தண்ணீருக்கு மேலே வரப் பார்த்து இருப்பையெல்லாம் செலவழித்துவிடும். சப்-1ஏ என்ற மரபணு அந்தத் துடிப்பை அடக்கி, இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்க வைக்கிறது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து வந்தது அது. சேற்றுக்குள் வேரில் காற்றறைகள் பெருகுவதிலும் இதே எத்திலீனுக்குப் பங்கு உண்டு. ஒட்டுமொத்தமாக அதை அணைத்துவிட்டால், இறுகிய மண்ணில் ஜெயித்த பயிர் ஐப்பசி மழையில் என்ன செய்யும்?

அதனால்தான் கணினியில் செடி வளர்க்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. கிளை எப்படிப் பிரியும் என்பதைச் சில விதிகளாக எழுதலாம் என்று 1968-இல் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் தொடங்கிய வேலை இன்று எங்கேயோ போய்விட்டது. ஓப்பன் சிம்ரூட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. வேரைத் துண்டு துண்டாக முப்பரிமாணத்தில் வளர்த்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நைட்ரேட் எடுக்கிறது, அதை வளர்க்கச் செடிக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போடும். படங்கள் பார்க்க அழகு. எனக்கு அழகைவிட அந்தச் செலவுக் கணக்குதான் முக்கியம். ஏனென்றால் 'நல்ல வேர்' என்று பொதுவாக ஒன்று கிடையாது.

ஜப்பானின் உகா குழு செய்ததைப் பார். 2013-இல் கினன்டாங் படோங் என்ற நெல்லிலிருந்து டி.ஆர்.ஓ.1 மரபணுவை, மேலாக வேர் விடும் நம் ஐ.ஆர். 64-க்குக் கொண்டுவந்தார்கள். வேர் செங்குத்தாக இறங்கியது, வறட்சியிலும் விளைச்சல் நின்றது. ஆழ வேர்தான் நல்லது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, 2020-இல் அதே குழு வேரை மேலே பரப்பும் இன்னொரு மரபணு உவர் வயலில் விளைச்சலைக் கூட்டுவதாகக் காட்டியது. மேல் மண்ணில்தான் அங்கே மூச்சுவிடக் காற்று இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்து வயல்களை நினைத்துக்கொண்டே படித்தேன்.

இப்போது உன் வயலுக்கு வருகிறேன். ஆழத்தில் இறுகிய மண்ணை உடைக்க உளிக்கலப்பை போடச் சொல்வார்கள். வயல் முழுக்கப் போட அவசரப்படாதே. தொழி அடித்து அடித்து மேல் மண்ணுக்கு அடியில் உண்டான இறுகிய தட்டுதான் உன் நெல்லுக்குத் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறது. முதலில் பெல்ட் ஏறிய இடத்தில் ஒரு செடி, ஏறாத இடத்தில் ஒரு செடி, மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி மண்ணோடு எடு. தண்ணீரில் ஊற வைத்து அலசினால் வேர் அறாது. நுனிகளை ஒப்பிட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. தடித்து மழுங்கியிருந்தால் மெஷின் திரும்புகிற தலைமாடுகளை மட்டும் கவனித்தால் போதும் என்பது என் எண்ணம். அடுத்த அறுப்புக்கு மண் இன்னும் கொஞ்சம் காய்ந்த பிறகு வண்டியை இறக்கச் சொல். டிரைவர் அவசரப்படுத்துவார், உன் வீட்டுக்காரரை வரப்பில் நிறுத்து.

அப்புறம், விஜயா மகளுக்கு வரன் ஒன்று சொல்லியிருந்தாயே, என்ன ஆயிற்று? அவள் இங்கே போன் செய்து என்னைக் கேட்கிறாள். விவரத்தை எனக்கும் எழுது.

அன்புடன்,
சாந்தா