அந்தக் கடைசிச் சொல்லை எழுதாதீர்கள்

தமிழில் காமிக்ஸ் பதிப்பிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்கத் திகில் கதைகளைக் கொண்டுவரும் எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால், 1952-இல் இ.சி. காமிக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் 'தி ஹான்ட் ஆஃப் ஃபியர்' 12ஆம் இதழில் வந்த 'பொயட்டிக் ஜஸ்டிஸ்' கதையிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சின்னக் கதைதான். குப்பை அள்ளிப் பிழைக்கும் ஒரு கிழவர், அவருடைய நாய்கள், அவரைத் தேடி வரும் தெருப் பிள்ளைகள். பக்கத்தில் வசிக்கும் பணக்கார அப்பனுக்கும் மகனுக்கும் அவர் அங்கே இருப்பதே பொறுக்கவில்லை. நாய்களைப் பிரிக்கிறார்கள், பிள்ளைகளை வரவிடாமல் செய்கிறார்கள், அப்புறம் காதலர் தினத்தன்று அவரைக் கேவலப்படுத்தும் பாட்டுகளை ஊராரே எழுதியது போல வாழ்த்து அட்டைகளில் எழுதி அனுப்புகிறார்கள். மனிதர் உயிரை விட்டுவிடுகிறார். அடுத்த வருஷம் அதே நாளில் குழியிலிருந்து எழுந்து வருகிறார்.

தயவுசெய்து முன்பாதியைச் சுருக்காதீர்கள். படம் வரைந்த கிரஹாம் இங்கெல்ஸ் அழுகிய பிணங்களுக்குப் பேர்போனவர், ஆனால் இந்தக் கதையில் என்னை உலுக்கியது உயிரோடு இருக்கும் கிழவர் அட்டைகளைப் பிரித்துப் படிக்கும் இடம்.

குழந்தைகள் கெட்டுவிடுவார்கள் என்ற தயக்கம் வரும், தெரியும். 1954-இல் அமெரிக்காவிலும் அதைச் சொல்லித்தான் செனட் விசாரணை நடந்தது, பதிப்பகங்களே கூடி ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்து நடமாடும் பிணங்களைத் தடுத்தன, தலைப்பில் 'ஹாரர்' (திகில்) என்ற சொல்லே கூடாது என்றன. அதே விதிகள் தீமை தோற்றே ஆகவேண்டும் என்றும் கேட்டன. இந்தக் கதை அதைத்தானே செய்கிறது? இதில் பயப்பட வேண்டியவன் எளியவனை வதைத்தவன் மட்டும்தான். பெரிய பிள்ளைகளுக்கு என்று அட்டையில் போட்டுவிடுங்கள், சரி, ஆனால் உள்ளே கை வைக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பவருக்கு ஒன்று. கடைசியில் அப்பன் கையில் கிடைக்கும் பாட்டின் முடிவுச் சொல் எழுதப்பட்டிருக்காது, அந்த இடத்தில் மகனின் இதயமே இருக்கும். 'ஈவிரக்கம் இல்லாதவன்', 'நெஞ்சில் ஈரமில்லாதவன்' என்றெல்லாம் நமக்கு நல்ல வழக்குகள் உண்டு, இங்கே அவை உதவாது. 'உனக்கு இல்லாதது' என்கிற மாதிரி வரியைக் கொண்டுபோய், 'இதயம்' வரவேண்டிய இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடிக்குறிப்பு வேண்டாம். இ.சி. கதைகளின் எழுத்துகள் அச்சடித்தது போல ஒரே சீராக இருக்கும், அதனால் பாட்டுகளை மட்டுமாவது யாரையாவது பேனாவால் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்