பானுவுக்கு, கவர் லெட்டர் விஷயமாக

அன்புள்ள பானுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு வேலைக்கு விண்ணப்பிக்க நீ எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய கவர் லெட்டரைப் படித்தேன். "ஸ்பெல்லிங் மட்டும் பாரும்மா" என்று போட்டிருந்தாய். ஸ்பெல்லிங்கில் ஒரு தப்புகூட இல்லை. நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உன்னை ஹையர் பரீட்சை வரைக்கும் உட்காரவைத்தது வீண் போகவில்லை.

ஆனால் கடிதம் சரியில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பத்தியிலேயே இத்தனை வருஷம் வேலையில் இல்லாததற்கு வருத்தம் தெரிவிக்கிறாய். கடைசிப் பத்தியில் திரும்பவும் அதே வருத்தம். எதற்கு? "குழந்தைக்காக 2019-ல் வேலையை விட்டேன், இப்போது முழுநேரம் வரத் தயார்" என்று ஒரு வரி போதும். மன்னிப்புக் கேட்காதே.

"அக்கவுண்ட்ஸில் நல்ல அனுபவம் உண்டு" என்று எல்லோரும்தான் எழுதுவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது உங்கள் ஆபீசில் யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்று கிளைக்கும் நீ ஒருத்தியே ரிட்டர்ன் போட்டாயே, அதை எழுது. போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டாய். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா? பில்லை ஆன்லைனில் பதிவு செய்கிற இ-இன்வாய்ஸ் நீ வேலையை விட்ட பிறகு வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து டர்ன்ஓவர் ஐந்து கோடியைத் தாண்டினாலே கட்டாயம் என்று இன்ஸ்டிட்யூட்டில் டாலி என்கிற அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் படிக்க வரும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதைப் பற்றியும் ஒரு வரி சேர். கற்றுக்கொண்டிருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றே எழுது, தெரியும் என்று எழுதாதே.

நீ கூட அனுப்பிய விளம்பரத்தில் எச்.ஆர். மேனேஜர் பெயர் இருக்கிறது, பெண்மணி. நீ "டியர் சார்" என்று ஆரம்பித்திருக்கிறாய். பெயரைப் போடு. ரெஸ்யூமேயில் இருப்பதையே திரும்ப எழுதாதே. ஒரு பக்கம், அவ்வளவுதான். மன்னிப்பு வேண்டாம்.

வேலை தஞ்சாவூரில் என்று பார்த்தேன். நம் வீட்டிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருகிற தூரம். மாப்பிள்ளைக்கு மாற்றல் ஏதும் வந்திருக்கிறதா? குட்டிக்கு ஸ்கூல் நடுவில் நிற்கிறதே. சரி, நீ சொல்லும்போது சொல். அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.

கடிதத்தின் மேலே நம் வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறாய். ராத்திரி முழுக்க அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடிக்கு வந்தபோது கொல்லைப் படியில் உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான், அனுசரித்துப் போ" என்றேன். அப்புறம் நீ வாயே திறக்கவில்லை. அன்று ராத்திரியே உழவன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தேன். குட்டி ஜன்னலில் கையாட்டினாள். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

என்னவென்று கேட்டிருக்க வேண்டும், பானு. தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்துதான் உன் வாயை அடைத்தேன். உன்னைவிட அவர்கள் எனக்குப் பெரிதாகப் போய்விட்டார்கள். தப்பு என்னுடையது. தொட்டதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிற பழக்கத்தையும் நான்தான் உனக்கு உண்டாக்கிவிட்டேனோ என்று இந்தக் கடிதத்தைப் பார்த்தபோது தோன்றியது.

மாடி அறையில் இன்ஸ்டிட்யூட்டின் பழைய மெஷின்கள் கிடக்கின்றன. இந்த வாரமே எடுத்துவிடச் சொல்கிறேன். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டால் குட்டிக்குக் காற்று வரும்.

முகவரியை மாற்றாதே. பின்கோடில் ஒரு சைபர் விட்டுப்போயிருக்கிறது. 612001. திருத்தி, பிடிஎஃப் ஆக்கி, திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடு.

அம்மா