மலைக் கல்லூரிகளுக்கு முப்பது நாள் முன்னால் சொல்லுங்கள்

கேரளத்துப் பல்கலைக்கழகங்களின் பதிவாளர்களுக்கும் மாணவர் நலப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கெஸ்ட் லெக்சரர்களில் ஒருத்தி நான். லயத்தில் பிறந்து வளர்ந்தவள். வரும் கல்வியாண்டில் உங்கள் அலுவலகங்களிலிருந்து வரப்போகும் அறிவிப்புகளைப் பற்றித்தான் இந்த மடல். கருத்தரங்கு, பயிலரங்கு, கலோத்சவம் என்னும் கலைவிழா, உதவித்தொகை, இன்டர்ன்ஷிப், ஆசிரியர்களுக்கான பயிற்சி என்று வருஷம் முழுக்க உங்களிடம் நல்ல காரியங்கள் நடக்கின்றன. அவை இன்னும் வேண்டும் என்று கேட்க வரவில்லை. இருப்பவை எங்கள் பிள்ளைகளுக்கு எட்டும் நேரத்தில் வர வேண்டும். எந்த அறிவிப்பானாலும் கடைசித் தேதிக்கு முப்பது நாள் முன்னால் மலைக் கல்லூரிகளின் கையில் இருக்க வேண்டும். நான் கேட்பது இதைத்தான்.

ஒரு வாரம் போதாதா என்று நினைப்பீர்கள். வளாக விடுதியில் இருப்பவருக்குப் போதும். எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலைக்குக் கீழே இருப்பவர்கள் யாரும் இதைக் கேட்டதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் வருமானச் சான்று, நேட்டிவிட்டி என்னும் பிறப்பிடச் சான்று, சாதிச் சான்று மூன்றும் கேட்கிறது. பிள்ளை அரசின் இணைய சேவை மையமான அக்ஷயா சென்டருக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து அது வில்லேஜ் ஆபீசுக்கும், சிலரின் சாதிச் சான்று என்றால் தாசில்தாருக்கும் போகும். ரேஷன் கார்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வரும். இதற்கு அப்பா ஒரு நாள், பிள்ளை ஒரு நாள் கூலியையும் வகுப்பையும் விட்டு இறங்க வேண்டும். இது எளிதான வழக்கு.

கடினமானது பட்டியல் சாதிப் பிள்ளைகளுடையது. தோட்டத்தில் அவர்கள்தான் அதிகம். 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின்படி, அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே நிலையாக வாழ்ந்தது என்று காட்டினால்தான் கேரளத்தில் அந்தச் சான்று கிடைக்கும். 1877-இல் மன்றோ துரை பூஞ்ஞாறு அரசரிடமிருந்து இந்த மலையைக் குத்தகைக்கு எடுத்ததும், பிறகு காட்டை வெட்டித் தேயிலை நட மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சனங்களைக் கூட்டி வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. வரலாறு தெரிந்து என்ன பயன், தாள் வேண்டுமே! பூட்டனின் பெயரைத் தோட்டத்துப் பழைய செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், தேட வேண்டும். இல்லையென்றால் தாத்தா படித்த எஸ்டேட் பள்ளியின் அட்மிஷன் ரிஜிஸ்டரில் தேட வேண்டும். செக்ரோலில் மாடசாமி ‘மாடன்’ ஆகியிருப்பார், ரிஜிஸ்டரில் ‘மாடசுவாமி’ ஆகியிருப்பார். இருவரும் ஒருவர்தான் என்று இன்னொரு தாள் வாங்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் வேலை இது. இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிய இடத்துக்கு ஏழு நாள் கெடு வைத்தால், யாருக்காக ஒதுக்கினீர்களோ அவர்களே வெளியில் நின்றுவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. கோடை விடுமுறையில் உதவித்தொகையோடு ஒரு ஆய்வகப் பயிற்சி. அறிவிப்பு எங்கள் துறை வாட்ஸ்ஆப் குழுவுக்கு வியாழன் இரவு வந்தது. திங்கள் மாலை ஐந்து மணி கடைசி. நடுவில் இரண்டாம் சனியும் ஞாயிறும். என் மாணவிக்கு மார்க் இருந்தது, ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது. பழைய வருமானச் சான்று காலாவதியாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. திங்கள் காலை வில்லேஜ் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றாள். அதிகாரி தணிக்கைக்குப் போயிருந்தார். மூன்றரை மணிக்குக் கையெழுத்து விழுந்தது. நாலே முக்காலுக்கு அக்ஷயா சென்டரில் சான்றை ஏற்றும்போது இணையத்தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளை இறுதியாண்டு. அடுத்த வாய்ப்பு என்பது அவளுக்கு இல்லை. அதிகாரிமீதும் சென்டரில் இருந்த பையன்மீதும் எனக்குக் கோபமில்லை. அந்த அறிவிப்பின் தலைப்பில் போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். அது தயாராகி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்த இருபத்திரண்டு நாளும் அது எங்கே இருந்தது? எந்த மேசையில் காத்திருந்தது? உங்கள் அலுவலகங்களில் இதைத் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். யாரையும் தண்டிக்க அல்ல. வழியில் எந்த இடத்தில் தாள் நிற்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்தைத் தாண்டி அனுப்பலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் போடியிலும் உடுமலையிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பிள்ளைகள் படித்தது இங்கே. அந்தக் கதவு அவர்களுக்கு இல்லை. ஆகவே உங்கள் அறிவிப்புப் பலகையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அடுத்து மொழி. பிள்ளைகளுக்கு மலையாளம் நன்றாகவே வரும், ஆங்கிலத்தையும் தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொள்வார்கள். தமிழில் கேட்பது அவர்களுக்காக அல்ல, வீட்டுக்காக. மூன்று நாள் பயிலரங்குக்குப் பெண்பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அம்மா. காலையில் மஸ்டருக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போய், மாலை கொழுந்து எடை போட்ட பிறகு வீடு திரும்பி, அடுப்பு மூட்டிக்கொண்டே, மகள் நீட்டும் போனில் இருக்கும் ஆங்கிலத் தாளை அவர் பார்க்கிறார். பல்கலைக்கழக முத்திரை தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. “எங்கடி தங்குவ? கூட யாரு வர்றா?” இந்த இரண்டு கேள்விக்கும் அந்தத் தாளில் பதில் கிடையாது. “வேணாம், விடு” என்று பேச்சு முடிந்துவிடுகிறது. 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் உட்கார்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொல்லி, போனஸையும் கூலி உயர்வையும் கேட்ட ‘பெம்பிளை ஒருமை’ என்னும் தோட்டத் தொழிலாளர் பெண்கள் அமைப்பினர் இவர்கள். இவர்களுக்கு விஷயம் புரிந்தால் பயப்பட மாட்டார்கள். புரியும்படி சொல்ல வேண்டியது நம் கடமை.

ஒரு பக்கத் தமிழ்த் தாள் போதும். என்ன நிகழ்ச்சி, எந்த ஊர், பெண்கள் எங்கே தங்குவார்கள், யார் பொறுப்பு, பஸ் காசு யார் தருவது, எந்தெந்தச் சான்று வேண்டும். இவ்வளவுதான். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. அதே மனதோடு நீங்களும் செய்யலாம். எழுத ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. திருவனந்தபுரத்தில் காரியவட்டத்துத் தமிழ்த்துறை இருக்கிறது. வையாபுரிப்பிள்ளை ஐம்பதுகளின் தொடக்கத்தில் தலைமை வகித்த துறை, வ.அய். சுப்பிரமணியம் வளர்த்த துறை. பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சித்தூர் அரசுக் கல்லூரியிலும் தமிழ் படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்தால் ஒரு மாதத்து அறிவிப்புகளும் தமிழாகிவிடும். நானே செய்து தருகிறேன் என்றும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மழை பற்றியும் சொல்ல வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது. இருந்த குண்டளை மலை ரயிலும் 1924-இல், கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று மலையாளத்தில் இன்றும் சொல்லும் அந்த வெள்ளத்தில், போய்விட்டது. அடிமாலி, நேரியமங்கலம் வழியாக இறங்கும் ஒரே பெரிய பாதையில் ஒரு மரம் சாய்ந்தால் அன்றைய பயணம் முடிந்தது. 2018 மழையில் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடமே மண்சரிவில் போயிற்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்கடியில் போய் எழுபது பேர் போனார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் நேர்காணலுக்கு நாள் வைக்கிறீர்கள். கலெக்டர் ரெட் அலர்ட் சொல்லிக் கல்லூரிக்கு விடுமுறை விட்டிருக்கும் அன்றைக்கு, கரண்டும் சிக்னலும் இல்லாத வீட்டிலிருந்து எங்கள் பிள்ளை எப்படி விண்ணப்பம் போடுவாள்? ஒரு வரி விதி எழுதினால் தீரும்: மாவட்டத்தில் ரெட் அலர்ட் இருந்த நாட்கள் அந்த மாவட்டத்து விண்ணப்பதாரரின் கெடுவில் தானாகச் சேரும். ஒவ்வொருவரும் மனுப் போட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக அது ஆகிவிடக் கூடாது.

பயணக் காசு விஷயமும் இப்படித்தான். “டிக்கெட்டைக் காட்டினால் பிறகு தரப்படும்” என்று எழுதுகிறீர்கள். பிறகு தருவதற்கு முதலில் கையில் இருக்க வேண்டுமல்லவா? கல்லூரி முதல்வர் வழியாக முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். முந்நூறு, ஐந்நூறு என்று வாங்கும் பதிவுக் கட்டணத்தையும் தோட்டப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். வீட்டில் ஒரு நாள் கூலி அது.

ஆசிரியர்களையும் அலுவலர்களையும் மறந்துவிடாதீர்கள். மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களின் புத்தொளிப் பயிற்சி அறிவிப்பு நிரந்தரப் பேராசிரியர்களுக்கு வருகிறது. எடுத்த வகுப்பைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டுவதில்லை. எட்டினாலும் போனால் சம்பளம் போச்சு. நூலகரும் ஆய்வக உதவியாளரும் இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் ஒரு பிள்ளை சந்தேகம் கேட்க முதலில் போய் நிற்பது நூலகர் மேசை முன்னால்தான்.

இவ்வளவும் ஏன் செய்யக்கூடியது என்றால், பெரும்பாலான வாய்ப்புகள் ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்ப வருகின்றன. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு ஜூன், டிசம்பர் சுழற்சியில் வருகிறது. அதில் தமிழுக்குத் தனிப் பாடம் உண்டு, ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அந்தத் தொகையைச் சொன்னபோது என் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இப்படி ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில். ஸ்வயம் இணையவழிப் படிப்புகள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய, ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவித்தொகை பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். சென்னையில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கிறது, மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமும் உங்கள் கலோத்சவமும் எந்த மாதவாக்கில் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

இவற்றையெல்லாம் மாதம் மாதமாக ஒரு சுவர்த் தாளில் அச்சடித்து ஜூனில் கொடுங்கள். சரியான தேதி பிறகு வரட்டும். எந்த மாதத்துக்கு எந்தச் சான்று வேண்டும் என்று தெரிந்தாலே வீட்டில் வேலை தொடங்கிவிடும். தாளுக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்புங்கள். எங்கள் வராந்தாப் பலகையில் ஒட்டும் தாள் மழைக்காலத்தில் இரண்டே நாளில் ஈரம் குடித்து மை இறங்கிவிடும். ஊசி குத்திய இடத்திலிருந்து கிழிந்து தொங்கும்.

தேர்வுக் குழுவையும் வருஷத்தில் ஒரு முறையாவது மேலே அனுப்பிவையுங்கள். நாற்பது பிள்ளைகள் இறங்கி வருவதைவிட நான்கு பேராசிரியர்கள் ஏறி வருவது எளிது. மூணாறில் ஒரு நாள், வண்டிப்பெரியாற்றில் ஒரு நாள் வைத்தால் தேவிகுளம், பீர்மேடு இரண்டு வட்டத்துப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.

அடுத்த அறிவிப்பிலிருந்தே தொடங்கலாம். கல்லூரி முதல்வர் பெயருக்கு ஒரு பிரதி மின்னஞ்சலிலும் ஒரு பிரதி தபாலிலும் அனுப்புங்கள். பலகையில் ஒட்டுவதையும், வகுப்பில் வாசிப்பதையும், அம்மாக்களுக்குப் போன் போட்டுச் சொல்வதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தோட்டத்துப் பிள்ளைகளின் ஆசிரியை ஒருத்தி
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம்