வசன அட்டையின் பின்பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு ஆராதனையில் அந்த ஆண்டுக்கென்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த (பைபிள் வசன) அட்டைகளில், நம்பிக்கையான எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 தவறாமல் இருக்கும். சாவிக்கொத்து, சுவர்ப்படம், வண்டி ஸ்டிக்கர் என்று ஆண்டு முழுவதும் அதே வசனம் விற்கிறது. அது பாபிலோனில் சிறையிருந்த யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தின் நடுவே வருவது. அதற்கு முந்தைய வசனம், ஊர் திரும்ப எழுபது வருடம் ஆகும் என்கிறது. எட்டாம் வசனம், உங்கள் நடுவிலுள்ள தீர்க்கதரிசிகளிடம் மோசம்போகாதீர்கள் என்கிறது. இவற்றை அச்சிட்ட அட்டையை எந்தக் கடையிலும் காணோம். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று தேர்வுக்குப் போகும் பிள்ளைக்குத் தரும் பிலிப்பியர் 4:13-ம் காவலிலிருந்து பவுல் எழுதியது. முந்தைய வசனம் பட்டினி கிடக்கவும் பழகியதைச் சொல்கிறது. மதிப்பெண்ணுக்கு அதில் உத்தரவாதம் ஏதுமில்லை.

தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது நம் தரங்கம்பாடியில். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியவை. அவற்றில் அடித்தால் காகிதம் போதாது. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். நூல் முழுதாக வர வேண்டும் என்று அத்தனை பாடு! தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி'யில் கோப்பர்நிக்கஸின் வானியலையே பாட்டில் வைத்தார். அந்த நூலைக் கடையில் கேட்டுப் பாருங்கள், வசன காலண்டரைத்தான் நீட்டுவார்கள்.

காலண்டரே போடட்டும். ஆனால் 365 தாளுக்கு 365 இடங்களிலிருந்து ஒவ்வொரு வரி பிய்த்துப் போட வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தில் 678 வசனங்கள். தாளுக்கு இரண்டாக வரிசையாக அச்சிட்டால் 339 நாளில் முடியும். மிச்சத் தாள்கள் பண்டிகை நாட்களுக்கு. செலவு ஒரு பைசாகூட அதிகமாகாது. அட்டையின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது? 'எரேமியா 29:1-14 வாசிக்கவும்' என்று அங்கே அச்சிடலாம்.

வேளாங்கண்ணித் திருவிழாக் கடைகளில் வீரமாமுனிவர் சூசையப்பரைப் பாடிய காவியமான தேம்பாவணிக்கும் இடம் வேண்டும். 3,615 பாடல்கள், நாளுக்குப் பத்து என்றால் ஓராண்டு. சந்தி பிரிக்காத மூலத்தை மட்டும் வாங்கிப் பாயிரத்திலேயே மலைத்து மூடிவைப்பவர்கள் அதிகம். சீர் பிரித்து உரையோடு வந்த பதிப்பையே கடைக்காரர்கள் வரவழைக்க வேண்டும். வாங்குபவர்களும் அதையே கேட்க வேண்டும்.

வாசகர்,
பொறையாறு